போர்வைக்குக் கீழே ஒரு ஸ்டூல்

"அம்மா, அந்த மெஷின் அப்பாவுக்கு வேணுமா, இல்ல உனக்கு வேணுமா?" என்று சனிக்கிழமை சாயங்காலம் போனில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. குக்கர் விசில் வருகிறது என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் குக்கரே இல்லை. இன்று திங்கட்கிழமை. இரண்டு நாளாக அந்தக் கேள்வியோடுதான் நடமாடுகிறேன், இப்போதும் பதில் தெரியவில்லை. ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால், ஏன் எனக்குப் பதில் தெரியவில்லை என்பதையாவது உன்னிடம் முழுதாகச் சொல்லிவிட நினைக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். செகந்திராபாத் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமாக வளர்ந்தவன் நீ. தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். வேகமாகக் கண்ணை ஓட்டிவிட்டு "ஓகே மா" என்று ஒரு வரி அனுப்பிவிடக்கூடிய விஷயம் அல்ல இது.

போனில் நான் உனக்குச் சொன்னதெல்லாம் நல்ல செய்தி மட்டும். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை உன் அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகை மரத்துப்போகச் செய்து, தண்டுவடத்தை ஒட்டி இரண்டு மெல்லிய ஒயர்களை ஊசி வழியாக உள்ளே செலுத்தினார்கள். ஒயர்களின் மறுமுனை முதுகிலிருந்து வெளியே வந்து, இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டியில் சேர்கிறது. அந்தப் பெட்டி அனுப்பும் மின்துடிப்புகள், பாதத்திலிருந்து மூளைக்குப் போகும் வலியை வழியிலேயே மழுங்கடிக்க வேண்டும். இது வெறும் சோதனை. ஒரு வாரம் வைத்துப் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால், இன்னொரு நாள் ஆபரேஷன் செய்து ஒயரையும் பேட்டரியையும் உடம்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். குறையாவிட்டால் ஒயரை உருவிவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். குறைந்ததா இல்லையா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. நோயாளி சொல்வதுதான் கணக்கு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். அதற்காக ஒரு நோட்டில் நாளுக்கு மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். காலை, மதியம், மாலை. உன் அப்பா தன் கையால் எண்ணை எழுதிப் பக்கத்தில் இனிஷியல் போடுகிறார். ஒயர் வைப்பதற்கு முன் எழுதியது எட்டு. புதன்கிழமையிலிருந்து நாலு, நாலு, மூணு. நாலு, மூணு, மூணு. அந்தப் பக்கத்தைத்தான் படமெடுத்து உனக்கு அனுப்பினேன். நீ கைதட்டும் பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்பினாய்.

உன் அப்பா ஓர் எண்ணை எழுதி இனிஷியல் போடுவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஞாபகப்படுத்துகிறேன். உன் மாமனார் வீட்டில் கேட்டபோது "அப்பா ரயில்வேல இருக்கார்" என்று மட்டும் சொன்னாய். அவர் லாலாகுடா பட்டறையில் முப்பது வருஷமாக ரயில் பெட்டிகளின் அச்சைச் சோதிக்கிறவர். சக்கரத்தோடு கழற்றி வைத்த இரும்பு அச்சின் முனையில் எண்ணெய் தடவி, 'புரோப்' என்னும் கையடக்கமான கருவியை வைத்து ஒலியலையை உள்ளே அனுப்புவார். உள்ளே எங்காவது மயிரிழை விரிசல் இருந்தால் திரையில் ஒரு கோடு எழும்பும். எழும்பவில்லை என்பதால் மட்டும் அவர் 'ஃபிட்' என்று எழுதிவிட மாட்டார். கருவியைக் கோணம் மாற்றி, வேறு கருவி வாங்கி, மறுபடியும் வைத்துப் பார்ப்பார். அவர் 'ஃபிட்' என்று எழுதிய அச்சின் மேல்தான் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டே விஜயவாடா போகிறார்கள். ரிஜிஸ்டரில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. தப்பின் மேல் ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே சரியான எண், பக்கத்தில் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்து. எட்டாம் வகுப்பில் நீ கணக்கு மார்க் 38ஐ 88 ஆக்கிக்கொண்டு வந்தாயே, அன்று அவர் உன்னை அடிப்பார் என்று நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அவர் பேனாவைக் கொடுத்து, "கோடு போடு. ஒரே கோடு. மேல முப்பத்தெட்டுன்னு எழுது. சைன் பண்ணு" என்றார். நீ அழுதுகொண்டே போட்டாய். அவர் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, "இப்போ இது சரியான பேப்பர்" என்று சொல்லி உன் பையில் வைத்தார். அவ்வளவுதான். அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

வலி எப்போது தொடங்கியது என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. அவர் சைக்கிளை நிறுத்தியதிலிருந்துதான் எனக்கு விஷயம் தெரியும். மெட்டுகுடா குவார்ட்டர்ஸிலிருந்து லாலாகுடாவுக்கு மழையிலும் சைக்கிளில் போகிறவர் ஒருநாள் பஸ்ஸில் போனார். பெடல் பாதத்தில் படுவது தாங்கவில்லை என்றார். "வெல்டிங் பொறி சாக்ஸுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு, டீச்சர். தட்டி விட்டாலும் போக மாட்டேங்குது." கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பதால் கல்யாணமான நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பாதத்தைப் பார்த்தேன். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில்தான் இருந்தது. நரம்பு வைத்தியரிடம் அழைத்துப் போனேன். காலில் ஒயரை ஒட்டி, மின்சாரம் பாய்ச்சி, நரம்பு எவ்வளவு வேகத்தில் கடத்துகிறது என்று பார்த்தார்கள். எல்லா எண்களும் சரியாக இருந்தன. ஆட்டோவில் திரும்பி வரும்போது நான் ரிப்போர்ட்டை நீட்டி, "நார்மல்னு போட்டிருக்குங்க" என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "புரோப் வச்ச கோணத்துல விரிசல் இல்ல. அவ்வளவுதான இதுக்கு அர்த்தம்?" என்றார். "உடம்பு ரயில் அச்சு இல்லைங்க" என்றேன் நான். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்கு நினைப்பு வேறு.

அந்த ரிப்போர்ட்டின் கடைசியில், மருந்துச் சீட்டு எழுத்தைவிடச் சின்னதாக ஒரு வரி இருந்தது. இந்தச் சோதனை பெரிய நரம்புகளை மட்டுமே பார்க்கிறது, சிறு நரம்பிழைகளின் பாதிப்பை இதை வைத்து மறுக்க முடியாது என்று. இரண்டு வருஷம் கழித்துத்தான் அதைப் படித்தேன். சோதனையில் தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதி விளக்குகிறவள் நான். அடிக்குறிப்பைப் படிக்காமல் விடைத்தாள் எழுதும் பிள்ளைகளுக்கு மார்க் குறைக்கிறவள். என் வீட்டு ரிப்போர்ட்டில் மேல்வரியைப் படித்துவிட்டு ஃபைலை மூடினேன், ஏனென்றால் அந்த மேல்வரி எனக்கு வசதியாக இருந்தது. அவர் போர்வை பாதத்தில் படாமல் இருக்க, நீ சின்ன வயதில் உட்கார்ந்து குளித்த மர ஸ்டூலைக் கட்டில்மேல் நிறுத்தி, கால்களை அதன் அடியில் நீட்டிக்கொண்டு, அதன் மேல் போர்வையைப் போர்த்தித் தூங்க ஆரம்பித்தார். சுரங்கப்பாதை மாதிரி இருக்கும். உன்னிடம் போனில் நான் அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். "உங்கப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் பயம்டா, உடம்புல எதையாவது தேடிட்டு இருக்கார்" என்றேன். நீ சிரித்தாய். அவரை நம்ப வேண்டாம் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். இதை நீ உன் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

இப்போது உன் ரிசப்ஷனுக்கு வருகிறேன். எழுதாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. முந்தின நாள் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அப்பா அந்த ரப்பர் செப்பலோடவா ஸ்டேஜ் ஏறப் போறார்? போட்டோல வரும்மா. அவங்க வீட்டுல எல்லாரும் சூட்" என்றாய். அவர் அப்போது இரண்டு அளவு பெரிய ரப்பர் செருப்பைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. நீ கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. உனக்கு என்ன தெரியும், நான் சொன்னதுதானே தெரியும். நான்தான் கடைக்குப் போய்க் கறுப்பு ஷூ வாங்கி வந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நக்கோ டீச்சர்" என்றார். திருச்சியிலிருந்து இங்கே வந்த புதிதில், இந்த ஊர் இந்தியில் நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பால்காரர். அன்று அந்த நக்கோ எனக்குப் புரியாத மாதிரி நின்றேன். "மூணு மணி நேரம். உங்க பையனுக்காக" என்றேன். போட்டுக்கொண்டார். மேடையில் உனக்குப் பின்னால் நின்றார். வந்த எல்லோருக்கும் கைகொடுத்தார், சிரித்தார். வீட்டுக்கு வந்து நான் ஷூவைக் கழற்ற உதவினேன். சாக்ஸை உருவும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போது நான் சொன்ன வார்த்தை இதுதான்: "பாத்தீங்களா, மூணு மணி நேரம் நின்னீங்கல்ல. மனசு வச்சா முடியுது." அவர் தாங்கியதையே, அவருக்கு வலி இல்லை என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

ஆல்பம் வந்தபோது நீங்கள் டப்ளினுக்குப் போய்விட்டீர்கள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். உன்னையும் உன் மனைவியையும் பார்த்து முடித்தபிறகுதான் உன் அப்பாவைப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அவருடைய இடது கை பின்னால் போயிருக்கிறது. உங்களுக்குப் பின்னால் போட்டிருந்த அந்தச் சிம்மாசன நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிறார். ஒரு படத்தில் விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கிறது. முகம் சிரிக்கிறது. மறுநாளே நான் வேறு டாக்டரைத் தேடினேன். வலிக்கென்றே இருக்கும் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண். அவர் முதலில் பாதத்தைத் தொடவில்லை. பஞ்சைக் காட்டி, "இதால தொடலாமா?" என்று இந்தியில் அனுமதி கேட்டார். கணுக்காலுக்கு மேலே மிளகு அளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். இருக்க வேண்டிய சிறு நரம்பிழைகளில் பெரும்பகுதி இல்லை என்று முடிவு வந்தது. அவர் அதைச் சொன்னபோது உன் அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலை. "கோணம் மாத்தி வச்சிருக்காங்க, டீச்சர்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். தனக்கு நோய் இருக்கிறது என்று நிரூபணமானதில் ஒரு மனிதன் சந்தோஷப்பட்டதை நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று தலைசுற்ற வைத்தது, பட்டறை வாசலிலேயே தடுமாறி விழுந்தார். இன்னொன்றில் வாய் உலர்ந்து, பேச்சு குழறியது. அதற்குப் பிறகுதான் டாக்டர் இந்த மின்துடிப்புக் கருவியைப் பற்றிச் சொன்னார். கட்டாயப்படுத்தவில்லை, நல்லது கெட்டது இரண்டையும் சொன்னார். சிலருக்கு நன்றாக வேலை செய்யும், சிலருக்குச் செய்யாது. நோயைக் குணப்படுத்தாது, வலியை மட்டும்தான் அடக்கும். ஒயர் நகர்ந்துவிடலாம், சீழ் பிடிக்கலாம், பேட்டரியை மாற்ற மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்கலாம். உனக்கு என்னைத் தெரியும். யாராவது ஒரு தைலத்தைச் சொன்னாலே, எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேட்கிறவள். முதுகில் ஒரு பெட்டியை வைத்துவிட்டால், அது தரும் நம்பிக்கையாலேயே பாதிப் பேருக்கு வலி குறைந்ததுபோல இருக்கும், நிஜத்தையும் நம்பிக்கையையும் எப்படிப் பிரிப்பது என்றுதான் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "எப்போ வச்சுக்கலாம்?" என்று கேட்டேன். உன் அப்பா, "கைக்கு இவ்வளவு அவசரம்?" என்றார். உடம்புக்குள் கத்தியை விடுவதற்கு அவருக்கு ஏன் அவசரம் இருக்கப்போகிறது. அவசரம் எனக்கு. இரண்டு வருஷத்தை ஒரே ஆபரேஷனில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அதனால்தான் உன் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றேன். இப்போது கடைசியாக ஒன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. புதன்கிழமைக் காலை அவர் நோட்டில் நாலு என்று எழுதி இனிஷியல் போட்டார். எனக்கு அடுப்படியில் நின்று அழுகை வந்தது, சந்தோஷத்தில். பிறகு போர்வை மடிக்க உள்ளே போனேன். ஸ்டூல் கட்டில்மேலேயே இருந்தது. வலி பாதி குறைந்தவருக்குச் சுரங்கப்பாதை எதற்கு? பழக்கத்தில் வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமையும் இருந்தது. வெள்ளிக்கிழமை கவனித்தேன்: எண்ணை எழுதுவதற்கு முன் அவர் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தை ஒருமுறை பார்க்கிறார். பிறகுதான் எழுதுகிறார். நான் சிரித்த முகமாக இருந்த நாள் மூணு. கொஞ்சம் சோர்ந்திருந்த நாள், என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, அன்றும் மூணு. "நிஜமாத்தானே?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "ஹவ்" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. முன்பு இரண்டு வருஷம் அவர் உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை. இப்போது ஆறு நாளாக அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தே நம்புகிறேன். முப்பது வருஷம் ஒரு தப்பான 'ஃபிட்' எழுதாதவர், எனக்காக ஆறு நாள் எழுதியிருக்கிறார். நாளை டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் தேதி குறிப்பார். வேலை செய்யாத ஒரு பெட்டியைத் தன் இடுப்புக்குள் வைத்துத் தைத்துக்கொள்ள அவர் தயாராக இருக்கிறார், என் முகம் வாடக்கூடாது என்பதற்காக. நான் வாயைத் திறந்து சொன்னால், இந்த ஆறு நாள் இருந்த நாலும் மூணும் போய்விடும். மறுபடி எட்டு. அந்த எட்டோடு வாழ எனக்குத் தைரியம் இல்லை. வலி என்னவோ அவருக்குத்தான்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதியில் இப்போது நான் இல்லை. இருந்தாலும் அம்மா என்பதால் சொல்கிறேன். உன் மனைவி ஒருநாள் "என்னால முடியல" என்று சொல்வாள். உடம்பாக இருக்கலாம், வேறு ஏதாவதாக இருக்கலாம். எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று கேள்வி கேட்பதற்கு முன்னால், சரி என்று ஒரு வார்த்தை சொல். ரிப்போர்ட் பிறகு வரட்டும். நீ என்னைப்போல யோசிக்கிறவன். ஆதாரம் கேட்பது நமக்குக் கை வந்த வேலை. வகுப்பறையில் அது நல்லது. பக்கத்தில் படுத்திருக்கிறவரிடம் அதைக் காட்டினால், அவர் கொஞ்ச நாளில் உண்மை சொல்வதையே நிறுத்திவிடுவார். நமக்குப் பிடித்த எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இன்னொன்று. கல்யாணத்துக்குப் பிறகு நீயும் அப்பாவும் பேசுவது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. சனிக்கிழமை நான் பால் வாங்கப் போயிருந்ததால் போனை அவர் எடுத்தார். நான் திரும்பி வந்தபோது, அந்த ஊர் டிராம் வளைவில் திரும்பும்போது சக்கரம் எப்படிக் கிறீச்சிடுகிறது என்று உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நீ வாயாலேயே அந்தச் சத்தம் போட்டுக் காட்டினாய் போல, அவர் சிரித்தார். "அது கிரீஸ் பத்தல, அங்க யாருமே கேக்குறதில்லையா?" என்றார். பத்து நிமிஷம் பேசியிருப்பீர்கள். பிறகுதான் போன் என்னிடம் வந்தது, உன் கேள்வியும் வந்தது.

நேரமாகிவிட்டது. இதை இப்போது அனுப்பப் போவதில்லை. நாளை என்ன ஆகிறது என்று பார்த்து அதையும் எழுதி அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை, மதியம்.

ஒன்பதரைக்கே போய்விட்டோம். டாக்டரின் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம். அவர் செருப்பைக் கழற்றி, பாதம் தரையில் படாமல் குதிகாலை மட்டும் ஊன்றிக்கொண்டார். நோட்டு என் மடியில் இருந்தது. நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஏங்க, ஸ்டூல் இன்னும் கட்டில்மேலதான் இருக்கு" என்றேன்.

"பாத்துட்டியா?"

"முதல் நாளே பாத்தேன்."

அவர் என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு, "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்துதான் பொய்க் கையெழுத்து போட்டிருக்கோம், டீச்சர்" என்றார்.

"ஆமாங்க."

"நீ கைக்கு சொல்லல?"

"நாலுன்னு நீங்க எழுதறப்போ நல்லா இருந்துச்சு."

"ஹவ். எழுதறப்போ எனக்கும்தான். உன் மூஞ்சியப் பாக்க நல்லா இருந்துச்சு."

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "நம்பர் எல்லாம் நல்லா இருக்கு சார். ஆபரேஷனுக்குத் தேதி பாக்கலாமா?" என்று இந்தியில் கேட்டார். உன் அப்பா, "ஒரு நிமிஷம் மேடம், பேனா குடுங்க" என்று கேட்டு வாங்கினார். நோட்டைத் தன் பக்கம் திருப்பி, புதன்கிழமைக் காலையிலிருந்து ஆரம்பித்தார். நாலின் மேல் ஒரே கோடு. மேலே எட்டு. இனிஷியல். அடுத்த நாலின் மேல் ஒரே கோடு. அவசரப்படவே இல்லை. பதினெட்டுக் கட்டமும் முடிய எவ்வளவு நேரமானதோ, டாக்டர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "முன்னாடி எழுதினது தப்பு. வீட்டுல சந்தோஷமா இருந்தாங்க, அதனால எழுதிட்டேன்" என்றார். டாக்டர் நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப சொன்னதுக்கு தேங்க்ஸ் சார். உள்ள வச்சுத் தைச்ச பிறகு சொல்லியிருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்" என்றார். வேறு மருந்து இருக்கிறது, தோலில் ஒட்டும் பட்டை இருக்கிறது, கொஞ்ச காலம் கழித்து வேறு விதமாகத் துடிப்பு அனுப்பும் கருவியை வைத்துப் பார்க்கலாம் என்றார். "கொஞ்ச நாளைக்கு நக்கோ, மேடம்" என்றார் உன் அப்பா.

ஒயரை உருவ ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாவாடை நாடாவை உருவுவதுபோல வந்துவிட்டது. முதுகில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னதால் மறுபடியும் அதே நாற்காலிக்கு வந்தோம். அவர் நோட்டைத் திறந்து என் மடியில் வைத்து, டாக்டரிடம் திருப்பிக் கொடுக்க மறந்த பேனாவை நீட்டினார். "ரெண்டாவது சைன் இல்லாம ரிஜிஸ்டர் செல்லாது, டீச்சர்."

போட்டேன். ஒவ்வொரு எட்டுக்குப் பக்கத்திலும், அவருடைய இனிஷியலுக்குப் பக்கத்தில், என் முழுக் கையெழுத்து. புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை மாலைக் கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. அங்கே மட்டும் ஏழு என்று எழுதியிருந்தார்.

"இது என்னங்க, இது மட்டும் ஏழு?"

"அன்னிக்குத்தான அவன் போன் பண்ணான்" என்றார்.

அதற்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.